நான் திறக்காத ஜன்னல்

சதுரங்கப்பட்டினத்தில் இறங்கி அந்தக் கட்டடம் எங்கே என்று தேடாதீர்கள். இப்போது அது இல்லை. கோட்டை மதிலுக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில், மணலுக்குள்ளிருந்து சில துருப்பிடித்த கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் மிச்சம்.

ஆனால் கட்டடம் இருந்தது. அதற்குள் ஒரு இயந்திரம் இருந்தது. ஒரு புயல் நாள் சாயங்காலம் அந்த இயந்திரம் எனக்குக் காட்டியதை, கூடுவாஞ்சேரியில் என் வீட்டு மேசை முன்னால் உட்கார்ந்து நான் பார்த்தேன். தூக்கக் கலக்கம் இல்லை. காய்ச்சல் இல்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கையும் இல்லை... அதாவது, அதுவரை இல்லை.

என் பெயர் பிரபாவதி. கடல் அலையின் உயரத்தை அளக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. எங்கள் நிலையம்தான் அந்தக் கட்டடம். ஒரே அறை. கடலுக்குள் நட்ட கம்பத்தில் அளவு எடுக்கும் கருவி. கூரை மேல் ஒரு கேமரா, ஒரு பெரிய அபாயச் சங்கு. அலை அளவு மீறினால் அந்தச் சங்கு ஊதும். பக்கத்துக் குப்பத்து ஜனங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். இவை எல்லாவற்றையும் நடத்துவது மூலையில் இருந்த ஒரு பழைய யுனிக்ஸ் கம்ப்யூட்டர்.

அதற்குத் திரை கிடையாது. உப்புக் காற்றில் இரண்டு திரைகள் கெட்டுப்போயின. மூன்றாவது வாங்கவில்லை. கீபோர்டும் இல்லை, மவுஸும் இல்லை. வெறும் பெட்டி.

திரை இல்லாத பெட்டியோடு எப்படி வேலை செய்வது என்று கேட்பீர்கள். யுனிக்ஸில் அதற்கு வழி உண்டு. புரோகிராம் அங்கே ஓடும். அதன் ஜன்னல் மட்டும் நெட் வழியாக வந்து என் லேப்டாப்பில் திறக்கும். நான் இங்கே மவுஸை நகர்த்தினால் அங்கே தெரியும். இங்கே தட்டினால் அங்கே பதியும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். பழகியவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை.

ஒன்றை மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஜன்னல் என்றால் இரண்டு பக்கத்துக்கும் ஜன்னல்தான். அங்கிருந்து வருகிற புரோகிராமுக்கு உங்கள் திரையைத் திறந்துவிட்டால், அது நினைத்தால் உங்கள் திரையில் இருப்பதை எல்லாம் பார்க்கலாம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் ஒட்டுக்கேட்கலாம். இது கதை இல்லை. அந்த வசதியைச் செய்தவர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

நிலையத்தில் என்னோடு வேலை செய்தவர் தனக்கோடி அண்ணா. ஐம்பதைத் தாண்டியவர். அந்தக் குப்பத்துக்காரர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு எங்களிடம் சேர்ந்திருந்தார். சாவி அவரிடம்தான் இருக்கும். கருவியைக் கழுவுவது, பேட்டரிக்குத் தண்ணீர் விடுவது, கேமராவில் காக்கை எச்சம் துடைப்பது எல்லாம் அவர்தான். வாரத்தில் இரண்டு நாள் நான் நேரில் போவேன். அன்று அவர் மனைவி காசியம்மாள் அண்ணி எனக்கும் சேர்த்து மீன் குழம்பு கொடுத்தனுப்புவார்.

அது டிசம்பர் மாதம். காலையிலிருந்தே மழை. புயல் அன்று இரவு மாமல்லபுரத்துக்கும் தெற்கே எங்கேயோ கரையேறும் என்றார்கள். என் வீட்டுக்காரர் கேசவன் செங்கல்பட்டில் லாரி ஷெட்டில் வேலை பார்க்கிறார். மதியமே போன் செய்துவிட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை, இன்று ராத்திரி ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றார். கதவைத் தாழ் போட்டுக்கொள், மொட்டை மாடிப் பக்கம் போகாதே என்றார். வீட்டில் நான் மட்டும்தான்.

எங்கள் மேலதிகாரி சிவப்பிரகாசம் சார் சென்னையிலிருந்து பேசினார். திரையில் அலையின் உயரம் காட்டும் கோடு அபாய அளவுக்கான சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு, தாண்டினால் யாரிடமும் கேட்காமல் சங்கை ஊது என்றார்.

நான் லேப்டாப்பைத் திறந்து நிலையத்தோடு இணைந்தேன். அங்கிருந்து மூன்று ஜன்னல்கள் வந்து திறந்தன. இடது பக்கம் அலைக் கோடு. வலது பக்கம் கேமரா. தோப்பிலிருந்து நிலையத்தின் வாசல்வரை வருகிற பாதையும், கொஞ்சம் கடலும் அதில் தெரியும். அவற்றின் கீழே சங்குக்கான சின்ன ஜன்னல். அதில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான்.

நாலரை மணிக்கு அண்ணா போன் செய்தார்.

"பூட்டிட்டேன்மா. ஜன்னலுக்கெல்லாம் பலக அடிச்சாச்சி. வூட்டுக்குக் கெளம்பறேன்."

பத்திரமாகப் போங்கள் அண்ணா என்றேன். கேமராவில் அவர் போவது தெரிந்தது. குடை காற்றில் மடங்கியது. அதை அப்படியே கக்கத்தில் வைத்துக்கொண்டு தோப்புக்குள் நுழைந்தார். மறைந்தார்.

ஐந்தரை மணிக்கு அலை சிவப்புக் கோட்டைத் தாண்டியது. பொத்தானை அழுத்தினேன். கேமரா ஜன்னல் மெல்ல அதிர்ந்தது. சங்கு ஊதுகிறது என்று அர்த்தம். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்புகிறார்கள், காசியம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள், ஆனால் பாதிப் பேர் இன்னும் வலையையும் ஆட்டையும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று அண்ணா போனில் சொன்னார். இன்னொரு முறை ஊத வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் ஒரு விளக்கும் நெட் பெட்டியும் மட்டும் ஓடின. நான் எழுந்துபோய்க் காப்பி போட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

திரையில் நான்கு ஜன்னல்கள் இருந்தன.

நான்காவது சின்னது. அதில் இரண்டு கண்கள். யுனிக்ஸ் படித்த எல்லோருக்கும் அது தெரியும். இரண்டு வெள்ளை முட்டை வட்டம், உள்ளே இரண்டு கறுப்புப் புள்ளி. மவுஸை எங்கே நகர்த்தினாலும் அந்தக் கண்மணிகள் அந்தப் பக்கம் திரும்பும். வேறு எந்த உபயோகமும் இல்லாத விளையாட்டுப் புரோகிராம். தூரத்து இயந்திரத்தின் ஜன்னல் நம் திரையில் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க முதலில் இதைத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள்.

நான் ஓட்டவில்லை.

கை தவறி ஏதாவது தட்டியிருப்பேன் என்று நினைத்தேன். அதை மூடினேன். காப்பியை எடுத்தேன். ஒரு வாய் குடிப்பதற்குள் திரும்பவும் திறந்தது. அதே இடத்தில்.

சிவப்பிரகாசம் சாருக்குப் போன் செய்து, நீங்கள் உள்ளே வந்து ஏதாவது பார்க்கிறீர்களா என்று கேட்டேன். அவருக்கு எரிச்சல். எனக்குப் பாஸ்வேர்டே ஞாபகம் இல்லை, இந்த நேரத்தில் இதுவா முக்கியம் என்று வைத்துவிட்டார்.

சரி, இந்த ஜன்னல் எந்தப் புரோகிராமுடையது என்று அந்த இயந்திரத்தையே கேட்டேன். அதற்கென்று ஒரு கட்டளை உண்டு. பதில் வந்தது. அப்படி எதுவும் இங்கே ஓடவில்லை என்றது.

ஓடாத புரோகிராம்... என் திரையில் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் முதல் சத்தம் கேட்டது.

டொங்.

என் லேப்டாப்பிலிருந்துதான். தூரத்து இயந்திரம் நம்மைக் கூப்பிட வேண்டுமென்றால் நம் கம்ப்யூட்டரில் இப்படி ஒரு மணி அடிக்க முடியும். மூன்று வருஷத்தில் எங்கள் நிலையத்து இயந்திரம் ஒருமுறைகூட அடித்ததில்லை.

டொங்.

யார் யார் இப்போது இயந்திரத்துக்குள் இருக்கிறார்கள் என்று கேட்டேன். இரண்டு வரி வந்தது. முதல் வரியில் என் பெயர், கூடுவாஞ்சேரியிலிருந்து. இரண்டாவது வரியில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. எங்கிருந்து என்ற இடத்தில், இயந்திரத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று இருந்தது.

முன்னால் உட்கார்ந்து என்ன செய்வது? அதற்குத் திரை இல்லை. கீபோர்டு இல்லை.

அண்ணாவுக்குப் போன் செய்தேன். அவர் வீட்டில்தான் இருந்தார். நிலையத்துக்குள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"இன்னாமா சொல்ற? சாவி என் இடுப்புல கீது."

நான் பார்த்ததைச் சொன்னேன். கண்களைப் பற்றிச் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது? உள்ளே யாரோ இருக்கிற மாதிரி இயந்திரம் காட்டுகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் மழைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசினார்.

"பேட்டரியத் தூக்கறதுக்கு எவனோ பூந்துட்டான். நான் போயிப் பாத்துட்டு வரேன்."

"வேண்டாம்ணா. போனாப் போகட்டும். நீங்க ஸ்கூலுக்குப் போயிடுங்க."

"பேட்டரி போச்சின்னா இன்னாத்த வெச்சி சங்கு ஊதுவ? பாதி ஜனம் இன்னும் குப்பத்துலதான் கீது."

வைத்துவிட்டார். சங்கு ஊதவில்லை என்றால் அந்த ஜனங்களுக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

சொன்னபடி செய்கிற மனுஷன். பத்து நிமிஷத்தில் தோப்புக்கு வந்துவிடுவார். நான் கேமராவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருட்டிவிட்டதால் படம் கறுப்பு வெள்ளையாக மாறியிருந்தது. மழைக் கோடுகள். ஆடுகிற சவுக்கு. யாரும் இல்லை.

மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தேன்.

கண்கள் நகர்ந்தன.

மவுஸ் அம்புக்குறி அசையவில்லை. திரையின் நடுவில் நின்றது நின்றபடி இருந்தது. கண்மணிகள் மட்டும் மெல்ல... இடமிருந்து வலமாகப் போயின. நின்றன. திரும்ப வலமிருந்து இடமாக வந்தன.

அறையில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற ஒருவரை, உட்கார்ந்த இடத்திலிருந்து பார்ப்பதுபோல.

மவுஸ் வயரைப் பிடுங்கினேன். லேப்டாப்பின் டச்பேடை எப்போதோ அணைத்து வைத்திருந்தேன். இனிமேல் அந்தக் கண்கள் பின்தொடர எதுவுமே இல்லை.

இடமிருந்து வலம்.

வலமிருந்து இடம்.

என் வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. கீழ்வீட்டுத் தகரத்தில் மழை. அவ்வளவுதான்.

நான் அலைக் கோட்டைப் பார்த்தேன். அதுவரை மலை மலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது மட்டமாகிக்கொண்டே வந்தது. சின்னச் சின்ன நெளிவு. பிறகு அதுவும் இல்லை. நேர்க்கோடு.

புயல் நாளில் கடலில் அலையே இல்லை என்கிறது இயந்திரம்.

கருவி உடைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கேமராவின் ஓரத்தில் கொஞ்சம் கடல் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? அந்த இடத்தில் கடல் இல்லை. ஈர மணல் மட்டும் பளபளத்தது. தண்ணீர் எங்கேயோ பின்வாங்கியிருந்தது.

ஆறே முக்கால் மணி. தோப்பின் விளிம்பில் ஒரு வெளிச்சப் புள்ளி.

டார்ச் லைட்.

தனக்கோடி அண்ணா.

கண்கள் நின்றன.

பிறகு இரண்டும் ஒன்றாகத் திரும்பின. திரையின் வலது பக்கம். கேமரா ஜன்னல் இருக்கும் பக்கம். அதற்குள் அந்தச் சின்ன வெளிச்சம் இருக்கும் பக்கம்.

அண்ணா ஒரு அடி வைத்தார். கண்கள் ஒரு இழை நகர்ந்தன.

அவர் நின்றார். அவை நின்றன.

அவர் குனிந்து சாய்ந்து கிடந்த மரக்கிளையைத் தாண்டினார். கண்கள் தாழ்ந்து... உயர்ந்தன.

போனை எடுத்து அவருக்கு அடித்தேன். ரிங் போனது. கேமராவில் அவர் சட்டைப் பைக்குள் ஒரு வெளிச்சம் மினுங்குவதுகூடத் தெரிந்தது. காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. திரும்ப அடித்தேன். மினுங்கியது. கேட்கவில்லை.

சங்கை ஊதினால்? தலைக்கு மேலே அப்படி ஒரு சத்தம் வந்தால் எந்த மனுஷனும் நின்றுவிடுவான். கடல் உள்வாங்கிக் கிடப்பதைப் பார்ப்பான். குப்பத்து ஜனமும் கிளம்பும். மவுஸைத் திரும்பச் செருகினேன். சிவப்புப் பொத்தானுக்குக் கொண்டுபோனேன். அழுத்தினேன்.

அழுந்தவில்லை.

திரும்ப அழுத்தினேன்.

இல்லை.

கட்டளையாகத் தட்டிப் பார்க்கலாம் என்று கீபோர்டில் கை வைத்தேன். தட்டினேன். ஒரு எழுத்தும் வரவில்லை. நான் தட்டுவதை எல்லாம் ஏதோ ஒன்று வழியிலேயே வாங்கிக்கொண்டது.

டொங்.

அண்ணா பாதிப் பாதை வந்துவிட்டார்.

டொங்.

கண்கள் அவர் மேல்.

டொங்.

வாசலுக்கு வந்துவிட்டார். கேமராவில் கதவு தெரியாது. வாசல் படியின் ஒரு ஓரம்தான் தெரியும். அவர் படியில் கால் வைத்தார். டார்ச்சை உயர்த்தினார். சாவியை எடுக்கவில்லை. அப்படியே நின்றார். எதையோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தார்.

நான் நெட் வயரை லேப்டாப்பிலிருந்து பிடுங்கினேன்.

யோசித்துச் செய்யவில்லை. அங்கே இருப்பது எதுவாக இருந்தாலும், அது பார்ப்பது என் திரை வழியாகத்தான் என்று அந்த நொடியில் தோன்றியது. என் திரையை மூடிவிட்டால் அதற்கு அண்ணா தெரியமாட்டார். அவ்வளவுதான்.

இணைப்பு அறுந்தால் அங்கிருந்து வந்த ஜன்னல்கள் எல்லாம் மறைந்துவிடும். அதுதான் விதி.

அலைக் கோடு மறைந்தது.

கேமரா மறைந்தது.

சிவப்புப் பொத்தான் மறைந்தது.

கண்கள்... இருந்தன.

வெற்றுத் திரையின் நடுவில் அவை மட்டும். இப்போது வலது பக்கம் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பின. நேராக வந்தன.

என்னைப் பார்க்கின்றன என்றுதான் முதலில் நினைத்தேன்.

இல்லை.

கொஞ்சம் மேலே. கொஞ்சம் பக்கத்தில்.

எனக்குப் பின்னால்.

பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே இருந்தேன். திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் என் முகம் தெரிந்துவிடுமோ, கூடவே வேறு ஏதாவது தெரிந்துவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டு லேப்டாப்பை அறைந்து மூடினேன்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. பிறகு திரும்பிப் பார்த்தேன். அறை காலியாக இருந்தது. கதவு தாழ் போட்டபடி இருந்தது.

ஏழரை மணிக்குப் போன் வந்தது. காசியம்மாள் அண்ணி. பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம், யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம்.

"வந்துட்டாரும்மா. பள்ளிக்கூடத்துக்கு ஓடியாந்தாரு. ஒடம்பெல்லாம் வெடவெடன்னு நடுங்கிக்கினு கீது."

குப்பத்து ஜனங்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். அண்ணா ஓடி வருகிற வழியில் ஒவ்வொரு வீட்டுக் கதவாக உதைத்துக்கொண்டே வந்தாராம். எதுவும் சொல்லவில்லையாம். அவர் முகத்தைப் பார்த்தே ஜனங்கள் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார்களாம். ஒருவர்கூட மிச்சமில்லை என்றார் அண்ணி. நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் பின்வாங்கிய கடல் திரும்பி வந்தது. முன்வரிசை வீடுகள் பதினொன்று போயின. சவுக்குத் தோப்பில் பாதி போனது. எங்கள் நிலையம் அடித்தளத்தோடு போய்விட்டது. இயந்திரம் கிடைக்கவே இல்லை. ஒரு உயிர்ச்சேதமும் இல்லை. சிவப்பிரகாசம் சார் எனக்குப் பாராட்டுச் சொன்னார். சங்கை நான் இரண்டாவது முறையும் ஊதினேன் என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் திருத்த மனம் வரவில்லை.

பொங்கல் கழித்து ஒரு மதியம் அண்ணாவைப் பார்க்கப் போனேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறினேன். அவர் இளைத்துப்போயிருந்தார். எங்கள் நிறுவனத்தில் வேறு இடத்தில் வேலை தருகிறோம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை என்றார் அண்ணி. டிவி மேல் ஒரு பெட்ஷீட் போர்த்தியிருந்தது.

அண்ணி டீ வைக்க உள்ளே போனதும், அன்று ஏன் உள்ளே போகாமல் திரும்பி ஓடினீர்கள் என்று கேட்டேன்.

"உள்ள இருந்து நீ கூப்ட்ட."

நானா என்று கேட்டேன்.

"உன் கொரலேதாம்மா. 'தனக்கோடி, உள்ள வா'ன்னு கூப்ட்ட. நீ என்னிக்கு என்னப் பேரு சொல்லிக் கூப்ட்டு கீற? அண்ணான்னு தானே கூப்டுவ. அதான் எனக்குக் கால் உள்ள போவல."

அந்தச் சங்கில் பேச முடியாது. ஊத மட்டும்தான் முடியும். அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். தெரியும் என்பதுபோல. வேறு ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டேன்.

அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு மீன் வாங்கப் போனார். அண்ணி போகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அண்ணா பேசினார்.

பூட்டு திறந்து கிடந்ததாம். கதவு ஒரு கை அளவு விலகியிருந்ததாம். உள்ளே நீல வெளிச்சம். பெட்டியிலிருந்து வரவில்லை. எதிர்ச் சுவர் முழுக்க ஒரு படம் தெரிந்ததாம், சினிமாக் கொட்டகைத் திரைபோல.

"நீ உக்காந்து கீற. மஞ்ச நைட்டி. முடியத் தூக்கிக் கிளிப்பு போட்டுக்கினு கீற. முதுகுப் பக்கம்தான் தெரியுது. எதுர்ல உன் கம்ப்யூட்டரு. பக்கத்துல சுவத்துல பச்சக் கலர்ல ஒரு காலண்டரு."

அவர் என் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. லேப்டாப்பின் கேமரா என் முகத்தைத்தான் காட்டும். என் முதுகைக் காட்டுகிற கேமரா அந்த வீட்டில் கிடையாது.

"கூட ஒருத்தன் நின்னுக்கினு இருந்தான். உன் வூட்டுக்காரன்னு நெனச்சேன். உன் வலது தோள்மேல கைய வெச்சிக்கினு, குனிஞ்சி, உன்கூட சேந்து கம்ப்யூட்டரப் பாத்துக்கினு இருந்தான். கம்ப்யூட்டர்ல நான் தெரிஞ்சேன். டார்ச்சப் புடிச்சிக்கினு படியில நின்னுக்கினு கீறேன்."

முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாக்கல. திரும்பறதுக்குள்ள ஓடியாந்துட்டேன்."

அதோடு நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை. டீயைக் குடிக்காமலே எழுந்து பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அவரிடம் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. கேசவனிடமும் இதுவரை சொல்லவில்லை. அன்று ராத்திரி கரண்ட் வந்த பிறகு உடை மாற்றினேன். நைட்டியின் வலது தோள் நனைந்திருந்தது. நான் மழையில் வெளியே தலை காட்டவே இல்லை. பயத்தில் வியர்த்திருக்கிறது என்று நினைத்துக் கழற்றி நாற்காலியில் போட்டேன். காலையில் எடுத்தபோது அந்த இடம் மட்டும் விறைத்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வியர்வையும் உப்புதானே என்று சொல்லிக்கொண்டே அதை உதறினேன்.

தரையில் மணல் விழுந்தது.